கதவு திறந்திருக்கட்டும், கொசு வெளியே நிற்கட்டும்!



என் வகுப்பில் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன், அறிவியல் பாட வேளையில் அவள் அடிக்கடி கண் அயர்வதைக் கவனித்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்துக் கேட்டேன். அவள் தம்பிக்கு டிங்கி காய்ச்சல் கண்டு, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பியிருக்கிறான். அன்று முதல் அவர்கள் அம்மா வீட்டின் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். வாடகை வீடு, குளிர்சாதனம் கிடையாது. ஒரே அறையில் மூன்று பிள்ளைகள் படுக்கிறார்கள்.

"கதவைத் திறந்தா கொசு வருது டீச்சர். மூடினா மூச்சு முட்டுது. ராத்திரி தூக்கமே இல்ல. இதுக்கு அறிவியல்ல ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் பல குடும்பங்களின் கேள்வியும் இதுதான். வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அடித்தால் வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். நிரந்தரமான வலைக்கதவு போட வழியில்லை. ஆனால் கழற்றி மாட்டும் தற்காலிக வலைக்கதவு ஒன்று போதும். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், எங்கே மாட்டுவது, எப்படி மாட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது?

அந்த மாணவியின் அறையை ஒரு கணக்காகப் பார்ப்போம். நீளம் 3 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு 22.5 கனமீட்டர், அதாவது 22,500 லிட்டர்.

தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரிவளியை வெளிவிடுகிறார். மூவருக்கு 36 லிட்டர். அறை முழுதாக அடைபட்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் அந்த அறையின் காற்றில் ஒவ்வொரு 10 இலட்சம் பங்கிலும் 1,600 பங்கு கரிவளி கூடுதலாகச் சேரும். வெளிக்காற்றில் இருப்பதோ 10 இலட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். நம் நாட்டு வேலையிடங்களுக்கான உட்புறக் காற்றுத் தரக் கையேடு 1,000 பங்கை எல்லையாக வைத்திருக்கிறது. அந்த அளவைத் தாண்டினால், அங்கே காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

உண்மையில் எந்த அறையும் முழுதாக அடைபட்டிருப்பதில்லை. கதவிடுக்கு வழியே கொஞ்சம் காற்று கசியும். ஆகவே கரிவளி இதைவிட மெதுவாகத்தான் ஏறும். ஆனால் இரவு மிக நீளமானது!

கரிவளியோடு வெப்பமும் சேர்கிறது. தூங்கும் பெரியவர் ஒருவரின் உடல் சுமார் 75 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பிள்ளைகளுக்கு இது சற்றுக் குறையும். ஆனாலும் மூன்று பேர் படுத்திருக்கும் அறையில் பழைய குண்டு விளக்குகள் சில விடிய விடிய எரிவதைப் போலத்தான். மூச்சிலும் வியர்வையிலும் வரும் நீராவியால் அறையின் ஈரப்பதமும் ஏறுகிறது. ஈரப்பதம் ஏறினால் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாத வியர்வை அப்படி எதையும் எடுத்துப் போகாது. உடம்பைப் பிசுபிசுக்க வைப்பதோடு சரி.

மின்விசிறி போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். விசிறி இருக்கிற காற்றைத்தான் சுற்றுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் கரிவளியும் ஈரமும் அறைக்குள்ளேயே கிடக்கும்.

காற்றுக்கு இரண்டு வாசல் வேண்டும்

காலியான போத்தலின் வாயில் உதட்டை வைத்து ஊதிப் பாருங்கள். எவ்வளவு ஊதினாலும் சிறிதளவுக்கு மேல் காற்று உள்ளே போகாது. அடியில் ஓர் ஓட்டை போட்டுவிட்டு ஊதினால் தடையின்றிப் போகும். வீடும் அப்படித்தான். சன்னலை மட்டும் திறந்துவைத்தால், அதே சன்னல் வழியாகக் காற்று சிறிது வந்து சிறிது போகும். வீட்டின் எதிர்ப்பக்கத்திலும் ஒரு வழி இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். இதைக் குறுக்குக் காற்றோட்டம் என்கிறோம்.

காற்று ஏன் ஓடுகிறது? கட்டடத்தின் மீது காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் சற்று உயர்கிறது. மறுபக்கத்தில் சற்றுக் குறைகிறது. உயர்ந்த அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்தை நோக்கிக் காற்று நகரும். வழி இருந்தால் அது உங்கள் வீட்டுக்குள் நுழைந்து போகும். இல்லையென்றால் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும்.

நம் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் சன்னல்கள் ஒரு பக்கமும் வாசல் கதவு மறுபக்கம் நடைபாதையை நோக்கியும் இருக்கும். ஆகவே இரண்டாவது வழி பெரும்பாலும் வாசல் கதவுதான். அம்மா அதை மூடியதும் சன்னல் திறந்திருந்தாலும் காற்று நின்றுவிடுகிறது.

வலை எவ்வளவு காற்றைத் தடுக்கும்?

"வலை போட்டால் காற்று வராது" என்று பலர் சொல்வார்கள். சொல்வதை நம்புவதைவிட அளந்து பார்ப்பது நல்லது.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கொசுவலையில் ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 கண்களும் மறுபக்கம் 16 கண்களும் இருக்கும். ஒரு கண்ணும் ஓர் இழையும் சேர்ந்த அளவு ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டருக்கு 1.6 மில்லிமீட்டர். இழையின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர். அதைக் கழித்தால் திறந்த கண்ணின் அளவு 1.1 மில்லிமீட்டருக்கு 1.3 மில்லிமீட்டர். இந்த இரண்டு பரப்பையும் வகுத்துப் பாருங்கள்: வலையின் பரப்பில் ஏறக்குறைய 64 விழுக்காடு வெறும் ஓட்டை! சிறகும் காலும் விரிந்த ஏடிஸ் கொசு அதில் நுழைய முடியாது. காற்று நுழையும்.

இனி வீட்டுக் கணக்கு. அந்த மாணவி வீட்டில் அளந்து வந்தாள். சன்னலின் திறக்கும் பகுதி 0.6 சதுர மீட்டர். வாசல் கதவு 0.9 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம். பரப்பு ஏறக்குறைய 1.9 சதுர மீட்டர். காற்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வழிகளைக் கடக்கும்போது, அவற்றின் பயனுறு பரப்பை இப்படிக் கணக்கிடலாம்:

ஒவ்வொரு பரப்பையும் வர்க்கமாக்குங்கள். 1-ஐ அந்த வர்க்கத்தால் வகுங்கள். கிடைத்த இரண்டு விடைகளையும் கூட்டுங்கள். 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள்.

சன்னல், கதவு இரண்டும் வலையின்றித் திறந்திருந்தால் விடை 0.57 சதுர மீட்டர்.

கதவுக்கு மட்டும் வலை போட்டால் 0.54. இழப்பு வெறும் 6 விழுக்காடு.

சன்னலுக்கு மட்டும் வலை போட்டால் 0.38. இழப்பு 34 விழுக்காடு!

இரண்டுக்கும் வலை போட்டால் 0.37.

கதவை மூடிவிட்டு, கீழே 1 சென்டிமீட்டர் இடுக்கு மட்டும் இருந்தால் 0.009.

இந்த விடைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காற்றின் ஓட்டத்தைத் தீர்மானிப்பது சிறிய வழிதான். பெரிய வழியான கதவில் வலை போட்டால் இழப்பு மிகக் குறைவு. கொசுவைத் தடுக்க இரண்டுக்கும் வலை போட்டே ஆக வேண்டும். அப்படியும், கதவை மூடிவைத்திருப்பதோடு ஒப்பிட்டால் குறுக்குக் காற்றுக்கான வழி சுமார் 40 மடங்கு பெரியது.

இது தோராயக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்று மிக மெதுவாக வீசும்போது, ஒவ்வோர் இழையையும் உரசிச் செல்வதால் இழப்பு இதைவிடக் கூடும். வலையில் தூசி படிந்தால் கண்கள் சிறுத்து இன்னும் கூடும். ஆகவே மாதம் ஒருமுறை வலையைக் கழற்றி, சவர்க்கார நீரில் அலசிக் காயவையுங்கள்.

1900-இல் ஒரு குடிசை

கொசுவைத் தடுத்தால் நோய் வராது என்பதை மனிதர்கள் எப்படி உறுதிசெய்தார்கள்? அது ஒரு துணிச்சலான சோதனை.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்து இரவுக் காற்றால்தான் அந்தக் காய்ச்சல் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1897-இல் ரொனால்ட் ரோஸ் இந்தியாவின் செகந்தராபாத்தில் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனாலும் பலருக்குச் சந்தேகம் தீரவில்லை.

1900-ஆம் ஆண்டு கோடையில் சாம்போன், லோ என்ற இரண்டு மருத்துவர்கள், மலேரியா மிகுந்த ரோமாபுரிச் சமவெளியில், ஓஸ்தியாவுக்கு அருகே ஒரு மரக்குடிசையில் குடியேறினார்கள். கதவு, சன்னல் எல்லாவற்றிலும் கம்பிவலை. பகலில் வெளியே போவார்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே வந்துவிடுவார்கள். மலேரியாவுக்கான கொயினா மருந்தைத் தொடவில்லை. இரவில் சன்னல்களைத் திறந்தே வைத்தார்கள். "கெட்ட காற்று" தாராளமாக உள்ளே வந்தது. சுற்றுவட்டாரத்து மக்கள் காய்ச்சலில் படுத்தார்கள். குடிசைக்குள் இருந்தவர்களுக்கோ ஒன்றும் ஆகவில்லை. குற்றவாளி காற்று அல்ல, கொசு என்பது தெளிவாயிற்று.

நம் வீட்டுக்கு இதிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு பெரும்பாலும் இருட்டிய பிறகு கடிப்பது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. குறிப்பாகக் காலையில் வெயில் ஏறும் முன்பும், மாலையில் பொழுது சாயும் முன்பும். ஆகவே இரவில் கட்டிலுக்குக் கொசுவலை கட்டினால் மட்டும் போதாது. நீங்கள் பள்ளிவிட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதும் அந்த மாலை நேரத்தில்தான் வாசலுக்கு வலை தேவை. 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். அந்த அம்மாவின் பயம் வீண் பயம் அல்ல.

ஆணி அடிக்காமல் மாட்டுவது எப்படி?

மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் நீங்கள் படித்த இயற்பியல் இருக்கிறது.

முதலாவது, வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. திடலில் விளையாடிவிட்டு வந்தால் காலுறையில் புல்விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? 1941-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தம் நாயின் உரோமத்தில் ஒட்டியிருந்த முள்காயை உருப்பெருக்கியில் பார்த்தார். நுனியில் கொக்கிகள் இருந்தன. அந்த யோசனைக்கு 1955-இல் காப்புரிமை பெற்றார். வெல்க்ரோவைப் பக்கவாட்டில் இழுத்தால் ஆயிரக்கணக்கான கொக்கிகள் ஒன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தால் ஒரு வரிசைக் கொக்கிகள் மட்டுமே தாங்கும், எளிதில் வந்துவிடும். ஆகவே வலை கீழ்நோக்கி இழுக்கும்படி மாட்டுங்கள், உரிபடும்படி மாட்டாதீர்கள். பட்டையின் பசைப் பக்கத்தைச் சுவர்ச் சாயத்தில் ஒட்டினால் சாயமும் சேர்ந்து உரியும். கதவுச் சட்டத்தில் ஒட்டுங்கள். கழற்றும்போது முடி உலர்த்தியால் சூடு காட்டினால் பசை இளகிவிடும்.

இரண்டாவது, காந்தப்பட்டை. உங்கள் வாசலில் இரும்புக் கிரில் இருந்தால் இதுவே சிறந்தது, பசையே வேண்டாம். முதலில் குளிர்பெட்டிக் காந்தம் ஒன்றை எடுத்துக் கிரில்லில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. அலுமினியம் என்றால் ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகிலும் பல வகைகளில் ஒட்டாது. நடுவில் பிளந்து தானே மூடிக்கொள்ளும் வலைத்திரையிலும் சிறு காந்தங்கள்தாம் தைக்கப்பட்டிருக்கும். காந்த ஈர்ப்பு தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். அதனால் இரண்டு விளிம்புகளும் மிக அருகில் வந்தால்தான் பட்டென்று ஒட்டும். வலையை அகலமாக இழுத்து மாட்டிவிட்டால் விளிம்புகள் சேராது. சற்றுத் தொய்வாக மாட்ட வேண்டும்.

மூன்றாவது, சுருள்வில் உள்ள திரைக்கம்பி. இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் இடையே அதை இறுக்கி நிறுத்தி, வலையைத் தொங்கவிடலாம். கம்பியைத் தாங்குவது உராய்வு விசை. எவ்வளவு இறுக்கமாக அழுத்துகிறதோ அவ்வளவு எடை தாங்கும்.

எந்த வழியானாலும் முதலில் அப்பா அம்மாவிடம் சொல்லி, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவற்றை மறக்காதீர்கள்

தீ விபத்து நேர்ந்தால் ஒரே இழுப்பில் வலை கழன்று வர வேண்டும். கிரில் சாவி, உள்ளே இருப்பவருக்கு இருட்டிலும் கைக்கு எட்ட வேண்டும். வெளியே இருப்பவருக்கு எட்டக் கூடாது. புதிய உயரமான கட்டடங்கள் சிலவற்றில் வாசல் கதவு, தானே மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவாக இருக்கும். அதற்குக் கட்டை வைத்துத் திறந்து நிறுத்தாதீர்கள். அத்தகைய வீட்டில் பால்கனிக் கதவுக்கோ, துணி காயவைக்கும் பின்புறக் கதவுக்கோ வலை போடுங்கள். இரவில் வாசலைப் பூட்டிவிட்டுத் தூங்கும் வீடுகளுக்கும் அதுவே வழி. படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்தால்தான் காற்று அங்கே வரும்.

கொசுவலை சிறு பிள்ளையின் எடையைத் தாங்காது. வலை இருக்கிறது என்று நம்பி, மாடிச் சன்னலின் பாதுகாப்புக் கம்பியை ஒருபோதும் திறந்து வைக்காதீர்கள்.

புகைமூட்ட நாள்களில் வலை உதவாது. புகையின் நுண்துகள்களில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை நிறைய உண்டு. வலைக்கண் அதைவிட 400 மடங்குக்கு மேல் பெரியது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் கதவு சன்னலை மூடுவதுதான் சரி.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: வலைக்குள் கொசுவை வளர்க்காதீர்கள்! பூச்சட்டித் தட்டிலோ குளியலறை வாளியிலோ நீர் தேங்கினால், ஏடிஸ் முட்டை 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். அது வெளியே போகாமல் உங்கள் வலையே தடுத்துவிடும். வாரம் ஒருமுறை எல்லா நீரையும் கொட்டுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பெரியவரை அருகில் வைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் ஊதுபத்தி ஒன்றை ஏற்றுங்கள். திரைச்சீலைக்கு அருகில் வேண்டாம். விசிறியை நிறுத்துங்கள். முதலில் கதவு, சன்னல் இரண்டையும் மூடிப் புகையைக் கவனியுங்கள். அடுத்து சன்னலை மட்டும் திறங்கள். பிறகு இரண்டையும் திறங்கள். கடைசியில் இரண்டுக்கும் வலை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புகை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று வரைந்து வையுங்கள். காலையிலும் மாலையிலும் செய்தால், காற்றின் திசை மாறுவதும் தெரியும்.

அந்த மாணவி என்ன செய்தாள்? கிரில்லில் காந்தம் ஒட்டியது. ஒரு சனிக்கிழமை அம்மாவும் அவளும் வலையை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து மாட்டினார்கள். அன்று மாலையே வீட்டுக்குள் இரண்டு கொசு! மறுநாள் பகலில் கூடத்தை இருட்டாக்கி, வெளிச்சம் எங்கே நுழைகிறது என்று பார்த்திருக்கிறாள். கீழே வலது மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. வலையில் 64 விழுக்காடு ஓட்டை இருந்தும் நுழைய முடியாத கொசு, அந்த ஒரே மூலையில் நுழைந்திருக்கிறது. அடி விளிம்பில் ஒரு சங்கிலியைக் கோத்துத் தைத்து எடையேற்றினார்கள். இடைவெளி போயிற்று.

அவர்கள் அம்மா இன்னும் மாலையில் ஒருமுறை டார்ச் விளக்கோடு மூலை மூலையாகப் பார்ப்பாராம். "பாத்துட்டுப் போகட்டும் டீச்சர், கதவைத் திறந்து வைக்கிறாங்களே, அதுவே போதும்" என்கிறாள் அவள்.

இப்போது வகுப்பில் அவள் தூங்குவதில்லை. பாடம் சலிப்பாக இருந்தால் மட்டும் சன்னல் பக்கம் பார்க்கிறாள்!